மண்சுவரும் மறைவிமானமும்

பாஞ்சாலங்குறிச்சிக்கு நடந்தே போய்விடக்கூடிய சிற்றூர் எங்களுடையது. 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டைக்குத் தாத்தா என்னை அடிக்கடி அழைத்துப் போவார். "ஏலே, இது புதுசு. பழைய கோட்டை மண்ணால கட்டுனது. வெள்ளைக்காரன் போட்ட குண்டெல்லாம் அதுக்குள்ளேயே புதைஞ்சு போச்சாம்" என்பார். எனக்கோ அக்கதை பிடிக்காது. நாங்கள் குடியிருந்ததும் மண்வீடு. பள்ளித் தோழர்களை அங்கே அழைத்துவரக் கூச்சப்பட்டவன் நான்.

இந்தக் கல்லூரியில் இயற்பியல் முதுகலையில் சேர்ந்தபின் ஒருநாள் நுண்ணலைச் சோதனை. அலைநீளம் 3 செ.மீ. எதிரே உலோகத் தகட்டை வைத்ததும் அலை திரும்பி வந்து அளவியின் முள் எகிறியது. தகட்டின்முன் கரித்தூள் ஊட்டிய நுரைப்பலகையை வைத்தார் பேராசிரியர், முள் சரிந்தது.

"அலை எங்கே ஐயா போயிற்று?"

"பலகைக்குள் வெப்பமாக மாறிவிட்டது. ரேடார் கண்ணுக்குத் தப்பும் விமானத்தின் சூட்சுமத்தில் பாதி இதுதான்."

மற்றப் பாதி வடிவமைப்பு: வரும் அலையை வந்த வழியே திருப்பாமல் வேறு திசையில் சிதறவிடுவது. தேன்கூடு போன்ற உள்ளடுக்கில் கரியை ஏற்றி, மேலே கண்ணாடி இழைத் தோல் போர்த்தினால், விமானத்தின் பாரத்தைத் தாங்கும் பாகமே அலையையும் விழுங்கும். இவ்வகையில் நம் நாடும் பின்தங்கவில்லை. 2024-இல் கான்பூர் ஐ.ஐ.டி. 'அனாலக்ஷ்யா' என்ற ரேடார் மறைப்புப் பரப்பை வெளியிட்டது.

ஆனால் முழு மறைவு என்பது கிடையாது. திரும்பும் அலையைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் கண்டுகொள்ளும் தொலைவு பாதியாகத்தான் குறைகிறது. மேலும், சென்டிமீட்டர் அலையை விழுங்கும் மெல்லிய அடுக்கு, மீட்டர் கணக்கில் நீண்ட அலைக்குப் போதாது. 1999-இல் யூகோஸ்லாவியா வானில் அமெரிக்காவின் எஃப்-117 விமானம் வீழ்ந்தபோது உலகம் இதைக் கண்டது. அப்படியானால் என்ன பயன்? குறைந்த தொலைவில்தான் அகப்படுகிறோம் என்பதே விமானிக்குப் பெரும் பேறு. அவனுக்குக் கிடைப்பது மறைவன்று, அவகாசம்.

அன்று கோட்டை என் நினைவுக்கு வந்தது. ஊமைத்துரையின் வீரர்கள் மீண்டும் எழுப்பிய அந்த மண்கோட்டை, 1801 மார்ச் 31-இல் கும்பினிப் படையின் தாக்குதலைத் தாங்கி நின்றது. மே 24-இல் வீழ்ந்தது. இடையே கிடைத்த ஏறத்தாழ எட்டு வாரங்களும் அவகாசம்தானே!

விடுமுறையில் ஊருக்குப் போனேன். எங்கள் மண்வீடு இருந்த இடத்தில் காரைவீடு நின்றது. இடிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவன் நானேதான். திண்ணையில் அமர்ந்து தாத்தாவிடம் முள் சரிந்த கதையைச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தானலே நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.