வெள்ளி இரவும் வெள்ளிக்கிழமை இரவும்

நீங்கள் காயல்பட்டினம் சென்றதுண்டா? திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதையில், திருச்செந்தூருக்கு முந்தைய நிலையம் அது. பல நூற்றாண்டுகளாக அரபு வணிகர்களோடு தொடர்பு கொண்டிருந்த கடற்கரை. பழம்பெரும் பள்ளிவாசல்களும், பெண்கள் தனியே நடமாட வசதியான முடுக்குகளும் நிறைந்த ஊர். அங்கே போவதற்கு முன் சில சொற்களையும் கற்றுக்கொண்டு போங்கள். என் அனுபவத்தைக் கேட்டால் காரணம் விளங்கும்.

எங்களுடன் பணியாற்றும் காயல் நண்பரின் தங்கைக்கு நிக்காஹ். ஊரிலிருந்து அவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் இருக்கையில் இல்லை. மற்றொரு நண்பர்தாம் செய்தியை வாங்கிக்கொண்டார். அவர் கோவையைச் சேர்ந்த இந்து அன்பர். “வெள்ளிக்கிழமை இரவு கல்யாணம், இருவரும் கட்டாயம் வர வேண்டுமாம்” என்றார். வியாழன் மாலை புறப்பட்டு, வெள்ளி காலை காயலில் இறங்கினோம்.

வீட்டு வாசலில் நின்ற சிறுவன் எங்களைக் கண்டதும், “காக்கா! விருந்தாளி வந்திருக்காங்க!” என்று உள்நோக்கிக் குரல் கொடுத்தான். நண்பர் கூரையை அண்ணாந்து பார்த்தார். காகம் கரைந்தால் விருந்து வரும் என்பதைக் கேட்டிருக்கிறார். காகத்திடமே விருந்தை அறிவிப்பதை அன்றுதான் கண்டார்! அண்ணனைக் காக்கா என்பது அங்கே வழக்கம் என்று விளக்கினேன்.

“வாப்பா பள்ளிக்குப் போயிருக்காங்க” என்றான் சிறுவன். “எழுபது வயதில் பள்ளிக்கூடமா?” என்று நண்பர் என் காதில் கேட்டார். “பசியாறுங்கள்” என்று உபசரித்தபோது, “பசியில்லை” என்று மறுத்துவிட்டார். காலை உணவையே அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தபின், பசி தானே வந்துவிட்டது.

இவையெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. ஆனால் முற்றத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் நெஞ்சு திக்கென்றது. ஆம், நிக்காஹ் முந்தைய இரவே முடிந்திருந்தது!

காயல் நண்பர் சொன்னது “வெள்ளி இரவு”. நம் வழக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது. ரமளான் பிறை தெரிந்த இரவே தராவீஹ் தொழுதுவிட்டு, மறுநாள் முதல் நோன்பு நோற்கிறோம் அல்லவா? அதுபோல வெள்ளி இரவு என்றால் வியாழன் பின்னேரம். கோவை நண்பர் நல்லெண்ணத்தோடு ஒரு ‘கிழமை’யைச் சேர்த்தார், எங்களுக்கு ஒரு நாள் போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முஸ்லிமான நானல்லவா “எந்தத் தேதி?” என்று கேட்டிருக்க வேண்டும்!

பள்ளியிலிருந்து திரும்பிய பெரியவரின் முகத்தில் வருத்தம் தெரிந்தது. மகனின் நண்பர்கள் வருவார்கள் என்று, ஒரு ஸஹனில் இரண்டு இடங்களை விட்டு, இஷாவுக்குப் பின்னும் நெடுநேரம் காத்திருந்தாராம். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். பேச்சை மாற்ற எண்ணிய கோவை நண்பர், அங்கிருந்த புது மாப்பிள்ளையிடம், “பெண்ணை எப்போது உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறீர்கள்?” என்று கேட்டார். வீடே சிரிப்பால் அதிர்ந்தது. மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே காயலின் வழக்கம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பெரியவரும் சிரித்துவிட்டார், எங்களுக்கு உயிர் வந்தது.

ஜும்ஆ முடிந்ததும் நெய்ச்சோறும் கறியும் நிறைந்த ஸஹன் எங்கள் முன் வந்தது. பெரியவர் எங்கள் இருவரோடும் ஒரே தட்டில் கைவைத்து, “நாள்தான் தவறியது, சோறு தவறவில்லை” என்றார். கோவை நண்பரின் கண்கள் கலங்கின.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தம் சொல் கேட்பவர்களுக்கு நன்கு விளங்கும்பொருட்டு அதனை மும்முறை கூறுவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வாசகர்களே, நீங்கள் விருந்துக்கு அழைக்கும்போது கிழமையோடு தேதியையும் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பெரியவர் ஸஹனில் இடம்விட்டுக் காத்திருக்கக்கூடும்.