பின்னால் கட்டிய கைகள்

எங்கள் தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. பேரணாம்பட்டு ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் ஆயா சொல்லும்: "சுண்ணாம்பு தின்ன கைடா. அத்தப் போயி படத்துல காட்டுவாங்களா?"

படம் மறைத்ததைக் கத்தி காட்டுகிறது. சதை வழிக்கும் கத்தி. இருபுறமும் மரப்பிடி, அவர் உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை மரக்கட்டைமேல் விரித்து, ஒட்டியிருக்கும் சதையை அதால் வழிப்பார்கள். பிறகுதான் ஆவாரம்பட்டைச் சாறு. பதமான தோல் கப்பலேறியது. பதமாக்கிய கை சேரிக்குத் திரும்பியது.

டேனரிக் கழிவு பாலாற்றைப் பாழாக்கிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்ட கணக்கு அதில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். நிலம் உள்ளவனுக்குப் பட்டா சாட்சி. நிலமே இல்லாமல் குழிக்குள் நின்றவனுக்கு எது சாட்சி? இந்தக் கத்திதான்.

தோழர்களே, பரண்மேல் கிடப்பதைப் பழைய இரும்புக்குப் போடுமுன், அதைப் பிடித்த கை யாருடையது, என்ன கூலி வாங்கியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதைப் பேச்சு மாறாமல் எழுதி வையுங்கள்.