ஐசிக்காரர்களும் ஏஐக்காரர்களும்

2007 ஆகஸ்டில் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் ஒரே நிறுவனமாயின. முடிவெடுத்தது டெல்லி. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எங்களுக்கு அது சாப்பாட்டு நேரத்தில்தான் உறைத்தது. அவர்கள் ஒரு மேஜை, நாங்கள் ஒரு மேஜை.

நாங்கள் ஐசிக்காரர்கள், இந்தியன் ஏர்லைன்ஸ் ஆட்கள். விமானம் வந்து நின்றதும் ஆட்களை இறக்கி, மூட்டைகளை ஏற்றி, நேரம் தவறாமல் கிளப்பிவிடுவதுதான் எங்களுக்குக் கௌரவம். அவர்கள் ஏஐக்காரர்கள், ஏர் இந்தியாவின் மகாராஜா வீட்டுப் பிள்ளைகள். தொலைதூரப் பயணிகளை முகம் கோணாமல் உபசரித்துப் பழகியவர்கள். அவர்களுடைய நிதானம் எங்களுக்கு மெத்தனமாகப் பட்டது. எங்கள் வேகம் அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அவரவர் இடத்தில் கற்ற நல்ல பழக்கமே அடுத்தவர் கண்ணில் குற்றமாகிப்போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

2011 பிப்ரவரி இறுதியில் எங்கள் விமான எண்களில் இருந்த 'ஐசி' என்ற எழுத்துகளும் போயின. மூத்த லோடர் அண்ணன் ஒருவர் பழைய பேகேஜ் டேக் ஒன்றைக் கட்டைவிரலால் நீவியபடி இருந்தார். காப்புக் காய்த்த கை. அதில் எப்போதும் விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை. 1953-இல் எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அவருடைய அப்பா அதில் ஒன்றிலிருந்து வந்தவர். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் சட்டையை மாத்தினாங்கம்மா. கொஞ்ச நாள்ல அதுவே அவர் சட்டையாயிடுச்சு" என்றார். சொல்லிவிட்டு டேகைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் பக்கத்து விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து நாள். பலகையில் வரிசையாக ரத்து, கவுண்டரில் கூச்சல், போன் ஓயவில்லை, யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள், யாரோ அழுகிறார்கள். மறு ஆண்டு, புது 787 விமானப் பயிற்சியை எங்கள் பக்கத்தாருக்கும் தருவதா என்று அந்தப் பக்கத்து விமானிகள் 58 நாள் வேலையை நிறுத்தினார்கள். யார் யாருக்கு சீனியர் என்று சொல்ல நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவே தேவைப்பட்டது.

2022-இல் ஏர் இந்தியாவை டாடா வாங்கியது, 2024 நவம்பரில் விஸ்தாரா விமான நிறுவனமும் அதில் சேர்ந்தது. செய்தியைப் படித்தபோது அந்த விஸ்தாராப் பிள்ளைகள் எந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றுதான் யோசித்தேன்.

2011 வேலைநிறுத்தத்தின் அந்தப் பத்து நாளில் ஓர் அம்மா போர்ட் பிளேருக்குப் போக நின்றார். அங்கே மகன் இறந்துவிட்டான். நான் மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டு ஒரு சீட்டுக்காகச் சண்டையிட்டேன். ஏஐயிலிருந்து வந்திருந்த பெண் கவுண்டரை விட்டு இறங்கி, தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டு உறுதியாகும்வரை அவர் கையை விடவேயில்லை. அதன் பிறகு யாராவது அவளை 'ஏஐ ஆள்' என்று பிரித்துச் சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.