மயக்கம் தெளிந்த பிறகு

ரண சிகிச்சை என்றால் நம்மவர் அஞ்சுவது கத்திக்கு. சிகிச்சை செய்து கொண்டு மீண்டவர்களை நாம் விசாரித்தாலோ, பலர் கத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை. மயக்கம் தெளிந்த பிறகு குடலைப் புரட்டிய வாந்தியைப் பற்றியே பேசுகிறார்கள்.

மதுரைப் பக்கத்தில் இவ்விஷயம் எளிதில் மறந்து போகிறது. காரணம் இல்லாமல் இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ம் வருஷம் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் புண்ணியத்தால், எங்கள் வண்டியூரில் கண்புரை எடுத்துக் கொண்ட பாட்டிமார் அநேகர். அதற்குக் கண்ணை மட்டும் மரக்கச் செய்தால் பெரும்பாலும் போதும். பாட்டி சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கிறாள். அதே வீட்டுக் குழந்தைக்கு மாறுகண் சிகிச்சை என்றால் கதை வேறு. முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, கண்ணை அசைக்கும் தசைகளை இழுத்துத் தைப்பதே வாந்தியைத் தூண்டுகிறது. குழந்தை துவண்டு போகும். உடம்பில் நீர் வற்றும்.

1846-ல் பாஸ்டன் நகரில் ஈதரின் சக்தியை உலகம் கண்டது. மறு வருஷமே அது கல்கத்தாவுக்கு வந்து விட்டது. வலியைப் போக்கிய அந்த மகா உபகாரி வாந்தியையும் உடன் அழைத்து வந்தது. இன்று ஈதர் வழக்கொழிந்து விட்டது. ஆயினும் முகர வைக்கும் புது மருந்துகளும், வலிக்குக் கொடுக்கும் அபின் இன மருந்துகளும் அந்தக் குணத்தை முற்றும் விடவில்லை.

மாற்று மருந்து இல்லாமலும் இல்லை. குடலிலிருந்து மூளைக்கு வாந்திச் செய்தியைக் கொண்டு செல்வதில் ஸெரோடோனின் என்ற பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அது போய்ச் சேரும் வாசலை அடைப்பது ஒன்டான்ஸெட்ரான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்வோரின் வாந்தியை நிறுத்துவதற்காக 1990-களின் தொடக்கத்தில் இது வந்தது. ஆங்கிலக் கம்பெனி கண்டுபிடித்த இதை நம் கம்பெனிகள் மலிவாகச் செய்ய வழி வகுத்தது, மருந்துகளில் பொருளுக்கன்றிச் செய்முறைக்கே உரிமை தந்த 1970-ம் வருஷத்துப் பேடண்டுச் சட்டம். சுதந்திரத்தின் பலன்களை எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கொள்ளலாம்!

எனினும் ஒரே மருந்து எல்லோரையும் காப்பதில்லை. ஐயாயிரம் பேருக்கு மேல் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒன்டான்ஸெட்ரான், டெக்ஸாமெத்தஸோன், டிராபெரிடால் மூன்றும் தனித்தனியே ஆபத்தைச் சுமார் நாலில் ஒரு பங்குதான் குறைக்கின்றன. ஆகவே யாருக்கு இரண்டு மருந்து வேண்டும் என்று முன்னரே அறிவது அவசியம். பெரியவர்களில் ஸ்திரீகளுக்கும், பிரயாணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கும், புகை பிடிக்காதவர்களுக்கும் இந்த உபத்திரவம் அதிகம். (இதைச் சாக்கிட்டு யாரும் சுருட்டுப் பற்ற வைக்க வேண்டாம்.) குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு, அதில் பெற்றோருக்கு முன்பு வந்த வாந்தியும் சேரும்.

இதை டாக்டர் கேட்கும்போதுதான் நம் தாய்மார் கூச்சப்பட்டு மௌனம் சாதிக்கிறார்கள். அழகர் கோவிலுக்குப் பஸ் ஏறினால் மூக்கருகே எலுமிச்சம்பழம் வேண்டும் என்பதையும், தமக்கு முன்பொரு சிகிச்சையில் இரவெல்லாம் குமட்டியதையும் டாக்டரிடம் சொல்வது எப்படி என்று நினைக்கிறார்கள். டாக்டருக்கு வேண்டியது அதுவேதான். டெக்ஸாமெத்தஸோனை மயக்கம் கொடுத்த உடனேயே செலுத்துகிறார்கள். ஒன்டான்ஸெட்ரானைச் சிகிச்சை முடியும் தறுவாயில். ஆதலால் மயக்க டாக்டர் சிகிச்சைக்கு முன் பார்க்க வரும்போதே சொல்லி விட வேண்டும்.