இரண்டாவது சிடி

சவுதியில் நான் இருந்த காலத்தில் சினிமா தியேட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தமாம், அல் கோபர் பக்கத்து ஆட்கள் திரையில் படம் பார்க்க வேண்டுமென்றால் கிங் ஃபஹ்த் பாலத்தில் ஏறி, 25 கிலோமீட்டர் கடலைத் தாண்டி பஹ்ரைனுக்குப் போக வேண்டும். 1986-ல் திறந்த பாலம் அது. எங்கள் கம்பெனியில் இன்ஜினியர்கள் வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வருவார்கள். சொந்தக் கார் வேண்டும், ரீ-என்ட்ரி விசா வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்போர்ட் நம் கையில் இருக்க வேண்டும். தொழிலாளர் கேம்பில் இருந்தவர்களின் பாஸ்போர்ட், ஸ்பான்சரான கஃபீலின் அலமாரியில் இருந்தது. சவுதிக்குள்ளேயே தியேட்டர் திறந்தது 2018 ஏப்ரலில்தான். அதற்குள் நான் ஷார்ஜாவுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

ஆகவே ‘காதல் கொண்டேன்’ படத்தை நான் பார்த்தது ஒரு கேம்ப் அறையில். தமாமில் செய்கோ கட்டிடத்தின் பக்கம் வெள்ளிக்கிழமை நம்மூர் ஆட்கள் கூடுவார்கள். ஊர்ச் சேதி, ஹவாலா ரேட், புதுப்பட விசிடி எல்லாம் அங்கே கிடைக்கும். 2003 ஜூலை 4-ம் தேதி ஊரில் வெளியான படம், சில வாரங்களில் திருட்டு விசிடியாக எங்களிடம் வந்துவிட்டது. மன்னார்குடிக்காரர் ஒருவர், எலக்ட்ரீஷியன், பிளேயர் வைத்திருந்தார். எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருபது பேர். மேல் கட்டிலில் நாலு பேர் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு. படம் இரண்டு சிடி. முதல் சிடி முடிந்ததும் அதுவே இடைவேளை, அப்போதுதான் டீ, பேச்சு, தீர்ப்பு.

முதல் சிடியில் வினோத் தேவாலயத்தில் வளர்ந்த அநாதைப் பையன். பொருந்தாத சட்டையோடு பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு வருகிறான். பாதிரியாராக நாகேஷ். வகுப்பில் தூங்கி வழிபவனை வாத்தியார் அவமானப்படுத்த, அவன் எழுந்து போய் போர்டில் கணக்கை முடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிறான். அப்போது அறையில் எழுந்த சத்தத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். கைதட்டல் இல்லை, ஒரு மாதிரி உறுமல். பகல் முழுக்க ஃபோர்மேனிடம் ‘யா ஹிமார்’, கழுதையே, என்று வசவு வாங்கிவிட்டு வந்தவர்கள் அவர்கள். டீ ஆறுவதற்குள் வினோத் ‘நம்ம ஆளு’ ஆகிவிட்டான். வினோத் மனசுக்குள் காதலிக்கும் திவ்யாவுக்கு ஏற்கெனவே காதலன் உண்டு. அந்த ஆதியை யாருக்கும் பிடிக்கவில்லை. அவன் செய்த தப்பு என்னவென்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருந்திருக்காது. நல்ல சட்டை போட்டிருந்தான், அவ்வளவுதான்.

வினோத்தாக நடித்த தனுஷுக்கு அப்போது இருபது வயது முடியவில்லை. செல்வராகவன் பெயர் இயக்குநராக வந்த முதல் படம் அது. முந்தைய ‘துள்ளுவதோ இளமை’ அப்பா கஸ்தூரி ராஜா பெயரில்தான் வந்தது. படப்பிடிப்பில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஹீரோ யார் என்று கேட்க, கேலிக்குப் பயந்து வேறொருவரைக் கைகாட்டினாராம் தனுஷ். பிறகு உண்மை தெரிந்து, ஆட்டோ டிரைவர் மாதிரி இருக்கிறவன் ஹீரோவா என்று சிரித்தார்களாம். காருக்குள் போய் அழுததாகவும், ஆட்டோ டிரைவர் ஏன் ஹீரோ ஆகக்கூடாது என்று பிறகு தோன்றியதாகவும் பின்னாளில் பேட்டியில் சொன்னார். அந்தச் சிரிப்பும் எங்கள் அறையின் உறுமலும் ஒரே முகத்தைப் பார்த்து வந்தவை. சிரித்தவர்களும் பெரும் பணக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது சிடியில் படம் வேறாகிவிடும். பொய் சொல்லி திவ்யாவை மலைக்காட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். கொலை விழுகிறது. நடுவில் தன் சிறுவயதைச் சொல்கிறான், கொத்தடிமையாக வேலை செய்த குழந்தைகள், அடி, சாவு. அந்த இடத்தில் சாத்தூர்ப் பக்கத்துப் பிளம்பர் ஒருவர் எழுந்து வெளியே போனார். தீப்பெட்டி ஆபீஸுக்கு விடியற்காலையில் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிப்போன காலத்தில் அவரும் ஒரு பிள்ளை. பாத்ரூமுக்குப் போனார் என்றுதான் நினைத்தேன். படம் முடியும்வரை வரவில்லை.

கடைசியில் மலைச்சரிவில் ஆதியும் வினோத்தும் தொங்க, திவ்யா இருவர் கையையும் பிடித்திருக்கிறாள். அவளால் ஒருவனை விட முடியவில்லை. வினோத் சிரித்துவிட்டுத் தானே கையை விடுகிறான். அறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். மன்னார்குடிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் புள்ள அந்த இன்னொருத்தன விட்ருக்கணும்ணே” என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். நானும்தான். கதவோரம் உட்கார்ந்திருந்த பாய் ஒருவர், ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள் அவருக்கு, “அந்தப் பொண்ணு கதி என்னாத்துக்கு ஆவுறதுப்பா” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு பஸ்.

வளைகுடாவில் ஒரு பழக்கம் உண்டு. அரபியில் எழுதிய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்துப் போடுவோம், விவரம் பிறகுதான் தெரியவரும். அந்தப் படத்தின் முதல் சிடியில் நாங்கள் போட்டதும் அப்படியொரு கையெழுத்துதான். வறுமையைப் பார்த்து மனம் இளகி ஒருமுறை ‘நம்ம ஆளு’ என்றுவிட்டால், இரண்டாவது சிடியில் அவன் என்ன செய்தாலும் நாம் கூடவே போகிறோம். செல்வராகவன் இதைத் தெரிந்தே செய்தார் என்றுதான் சொல்வேன். அவர் கெட்டிக்காரர். ஆனால் அந்த மலைவீட்டில் திவ்யாவின் நாட்களை அவர் வினோத்தின் கண்ணால்தான் காட்டினார், நாங்களும் அதற்குமேல் எதையும் தேடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ ஊருக்குப் போகிற ஆண்கள். எங்களுக்கும் பெண் என்றால் தூரத்தில் இருக்கிற, நாம் நினைத்துக்கொண்டே இருக்கிற ஒருத்திதான்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பின்னால் சுற்றுவதையே காதலாகக் காட்டிய தமிழ் சினிமாவைப் பற்றி டிவியிலெல்லாம் விவாதம் நடந்தது. ஷார்ஜாவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவோரத்து பாய் நினைவுக்கு வந்தார். சினிமா பார்த்துத்தான் கொலை செய்கிறார்கள் என்பதை நான் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இருபது ஆண்கள் அழுத அறையில் ஒரே ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இங்கே நல்ல தியேட்டர்கள். 2024-ல் நண்பர்களைப் பற்றிய மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்க்கப் போனபோது மலையாளிகளும் தமிழர்களும் கலந்து உட்கார்ந்திருந்தோம். ‘கண்மணி அன்போடு’ ஒலித்ததும் அரங்கமே கத்தியது. எனக்கும் சிலிர்த்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். அந்தப் பாட்டு முதலில் வந்த ‘குணா’வில் அது கடத்திவரப்பட்ட பணக்காரப் பெண்ணுக்கு, அவளைக் கடத்தியவன் சொல்லும் கடிதம். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்து, அன்றைக்குப் பெரிதாக ஓடாத படம். முப்பது வருஷத்தில் அந்தப் பித்து நட்பின் பாட்டாகிவிட்டது. பக்கத்து சீட்டுப் பையன் அழுதுகொண்டிருந்தான், அவனுக்கு ‘குணா’ தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டுகள் அப்படித்தான் வீடு மாறிப் போகும்.

கொரியப் படமான ‘பாரசைட்’ 2020-ல் ஆஸ்கர் வாங்கியபோது, அது ‘மின்சார கண்ணா’வின் கதை என்று நம்மூர்த் தயாரிப்பாளர் ஒருவர் கிளம்பினார். சிரித்துவிட்டு மறந்தோம். எனக்கு ‘பாரசைட்’டில் ஒட்டிக்கொண்டது கார் டிரைவரின் மேல் வீசும் வாசனையைப் பற்றிய காட்சிகள். சைட்டிலிருந்து திரும்பியவன் ஏறியதும் லிஃப்டில் இருப்பவர்கள் மெல்ல மூச்சை அடக்குவதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடக்குகிற பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன்.

என் மகள் ‘சால்ட்பர்ன்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தது பிரைம் வீடியோவில். அந்தக் குளியல் தொட்டிக் காட்சியைச் சொல்லிச் சொல்லி அவளும் தோழிகளும் ஒருவாரம் சிரித்தார்கள், அருவருத்தார்கள், மறுபடி பார்த்தார்கள். நான் பாதியில் சேர்ந்துகொண்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் பிரபு வீட்டுப் பையன்மேல் பித்தாகி அவன் மாளிகைக்குள் நுழையும் ஆலிவர், ஏழை என்று சொன்னதெல்லாம் பொய், வசதியான சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவரும் இடத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஏழையே இல்லையா? அப்புறம் எதுக்கு இவ்வளவும்?” என்றேன்.

“ஏழையா இருந்திருந்தா பரவாயில்லையாப்பா?” என்றாள்.

அதற்கு நான் சொன்ன பதில் நீளமானது. வர்க்கம், அவமானம், கொத்தடிமை, சாத்தூர்க்காரர் எழுந்து போனது எல்லாம் வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள். சாத்தூர்க்காரரைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு ‘காதல் கொண்டேன்’ பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். வினோத் ஆடும் ஆட்டத்தை யாரும் சொல்லாமலே திரும்ப ஓட்டிப் பார்த்தாள், யுவன் இசையைப் புகழ்ந்தாள். மலைவீடு வந்ததும் காலை மடக்கி சோபாவின் மூலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது வேறு படம், முழுக்கப் பயமுறுத்தும் படம். கடைசிக் காட்சியில் அழவும் செய்தாள். இரண்டும் ஒரே ஆளுக்குள் நடக்கும் என்பதை எங்கள் அறையில் ஒருவரும் எனக்குக் காட்டித்தரவில்லை.

மன்னார்குடிக்காரர் ஊரோடு போய் வெகுகாலம் ஆகிறது. பெருநாள், பொங்கலுக்குப் பேசுவோம். இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சநாள் முன்னால் அவரும் டிவியில் அந்தப் படத்தைப் பார்த்தாராம்.

“இப்பவும் அவன் கைய விடுறத நெனச்சா தொண்டைய அடைக்குதுண்ணே” என்றார். “பேத்தி பக்கத்துல உக்காந்திருந்தா. காலேஜ் போற புள்ள. அவ பாக்குறாளேன்னு ஒரு மாதிரி ஆயி, அதுக்கு முன்னாடியே சேனல மாத்திட்டேன். அப்புறம் அவ ரூமுக்குப் போனதும் திரும்ப வச்சேன், முடிஞ்சுபோச்சு, சோப்பு விளம்பரம் ஓடுது.”