மூணு நிமிஷம் அசையாதீங்கப்பா!

செல்போனில் தொட்டவுடன் போட்டோ விழும் காலம் இது. ஆனால் ஒரே படத்துக்கு ஒன்பது நிமிடம் காத்திருந்தவர்களும் உண்டு!

1990-களில் கட்டிடங்களையும் ஓவியங்களையும் படமெடுக்க ‘ஸ்கேனிங் பேக்’ என்ற கருவி வந்தது. பெரிய கேமராவில் ஃபிலிம் இருக்கும் இடத்தில் அதைச் செருகுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வரிசை சென்சார்களை மோட்டார் மெல்ல நகர்த்தும். அமெரிக்காவின் ‘பெட்டர் லைட்’ கம்பெனியின் ஒரு மாடலில் 6000-க்கு 8000 புள்ளிகள். ஒரு வரிக்கு 1/15 நொடி என்றால் 8000 வரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! கட்டிடம் அசையாது, செங்கல் செங்கலாகத் தெரியும். குறுக்கே போகிற ஆள்தான் வண்ணக் கோடாகிவிடுவார்.

அதை வாங்க நமக்கு ஏது வசதி? காயலான் கடையில் 300 ரூபாய்க்குப் பழைய ஸ்கேனர் ஒன்று கிடைத்தது. அதன் விளக்கைக் கறுப்பு டேப்பால் மறைத்தேன். சென்சார் மேலிருந்த லென்ஸ் பட்டையைக் கழற்றினேன். அட்டைப்பெட்டிக்குள் வைத்து, முன்னால் பூதக்கண்ணாடி. தத்துவம் அதேதான்!

முதல் படம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். நான் படித்த பள்ளி. அதைக் கட்டிய கொத்தனார்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர். திறப்பு விழாக் கல்வெட்டில் எத்தனையோ பெயர்கள். அப்பா பெயர் இல்லை.

வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். சாம்பல் நிறத்தில், கோடு கோடாக, சுவர் நன்றாகவே விழுந்தது. அப்பா மட்டும் தண்ணீரில் தெரிகிற நிழல் மாதிரி நெளிந்துபோனார்.

“செவுரு நிக்குது, கட்டுனவன் கரைஞ்சு போயிட்டானேடா!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னொரு தடவை நில்லுங்கப்பா. மூணு நிமிஷம் அசையாதீங்க.”

“தூக்குக்குண்டு ஆடி அடங்குற வரைக்கும் நிக்கிறவன்தானே நான்? எடு!” என்று சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

நின்றார். இம்முறை சட்டைப் பையில் இருந்த பென்சில்கூடத் தெளிவாக விழுந்தது!

அந்தப் படத்தின் கீழே ‘கட்டியவர்’ என்று போட்டு அப்பா பெயரை எழுதினேன். “என்னடா எழுதியிருக்க?” என்றார். வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ரேஷன் கார்டு வைக்கிற பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் பெரிய பெரிய கட்டிடங்களில் வேலை பார்ப்போம். அவற்றைக் கட்டியவர்களையும் மூணு நிமிஷம் நின்று பார்ப்போமா?

— மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை