மணவறை அழகும் கூடி உழைக்கும் கைகளும்

தோட்டத்தில் திருமணம் என்றாலே நம் உள்ளம் குளிரும். ஆயினும், மணவறை அலங்காரத்திற்கென்றே கடன்பட்டு, மணமாலை வாடிய பின்பும் மாதந்தோறும் தவணை கட்டும் பெற்றோரைக் காணுந்தோறும் நாம் வருந்துகிறோம். அழகுக்குக் கடன் வேண்டா. கூடி உழைக்கும் கைகளே போதும்.

நாம் பணியாற்றிய தோட்டங்களில் கண்ட முறை இது. முதல்நாள் மாலை, இளைஞர்கள் வீட்டுப்புறத் தென்னையில் குருத்தோலை வெட்டி வருவர். செம்பனை நம்மைச் சூழ்ந்திருப்பினும் அதன் மட்டையில் முள் உண்டு. சிறுவர் அதனைத் தொடலாகாது. முதியோர் தோரணம் பின்னக் கற்பிப்பர். மங்கலத் தோரணமும் துக்க வீட்டுத் தோரணமும் மடிப்பில் வேறுபடுவதால், அவர்தம் மேற்பார்வை இன்றியமையாதது. பின்னியவற்றின்மீது நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிவைத்தால் விடியும்வரை வாடா. மணவறையின் பின்புறம் கயிறு கட்டி, உறவினர் இல்லங்களில் இரவல் பெற்ற பட்டுச் சேலைகளைக் கொசுவித் தொங்கவிடுவர். விடியற்காலையில் ஆடவர் வாயிலில் குலைவாழை நாட்டி மாவிலை கட்ட, பெண்டிர் அரிசிமாக் கோலமிடுவர். 2 மணி நேரத்தில் மண்டபம் பொலிவு பெற்றுவிடும்.

மாணவச் செல்வங்களே! தோரணம் பின்னும் பாட்டன் பாட்டியர் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பாடநூலில் இல்லாத அக்கலை அவர்களோடு மறைந்துபோக விடலாகாது. பெற்றோர்களே! அலங்காரத்தில் மிச்சமாகும் வெள்ளி, மணமக்களின் முதற் சேமிப்பாகட்டும்.